அடுக்களை அறிவும் வகுப்பறையும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, யாம் இலக்கியம் பற்றியே எழுதுவோம் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். தமிழ் கற்பிப்போரிடத்து அதனை எதிர்பார்த்தல் இயல்பே. ஆயினும், சில ஆண்டுகளாக எம் நெஞ்சை உறுத்திவரும் செய்தி வேறொன்றுண்டு. அஃது இரண்டு பேணிகளைப் பற்றியது.

எட்டாந் தர மாணவருக்கு ஒருமுறை ‘வீட்டிலே யான் கற்றவை’ என்னுந் தலைப்பிற் கட்டுரை எழுதக் கொடுத்தோம். அன்பு, பணிவு, ஒழுக்கம், சிக்கனம் என ஏறக்குறைய எல்லாக் கொப்பிகளிலும் ஒரே சொற்கள் ஒரே வரிசையில் வந்தன. எல்லோருக்கும் ஆசான் ஒரே வழிகாட்டி நூல் என்பது வெளிப்படை. ஒருவன் மாத்திரம் வேறாக எழுதியிருந்தான். ஒன்றினுள் ஒன்று இறுகிக்கொண்ட இரண்டு எவர்சில்வர்ப் பேணிகளைத் தகப்பனார் தட்டியும் முறுக்கியும் பிரிக்க இயலாது கைவிட்டாராம். அம்மம்மா வந்து, உட்பேணியிலே குளிர்ந்த கிணற்று நீரை வார்த்து, வெளிப்பேணி நனையுமாறு சுடுநீர்ச் சட்டியில் வைத்து, சற்றுப் பொறுத்து இழுத்தாராம். பேணிகள் பிரிந்தன. இதனை அவன் ஒன்றரைப் பக்கத்தில், தகப்பனாரின் முகம் போன போக்கு உட்பட, விரித்து எழுதியிருந்தான். யாம் சிவப்பு மையினால் ‘பொருளுக்குப் புறம்பானது’ என்று குறித்துப் புள்ளியைக் குறைத்தோம்.

ஆசிரியர் அறையிலே அக்கொப்பியைத் தற்செயலாகப் புரட்டிய விஞ்ஞான ஆசிரியர், “வெப்பத்தால் விரிதல், குளிரால் சுருங்குதல் என்று நான் இரண்டு பாடவேளை கத்துவதை இந்தப் பெடியன் ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிட்டானே!” என்றார். இருவரும் நகைத்தோம். நகைத்தது எளிது. அதன்பின் அம்மாணவன் எழுதிய கட்டுரைகள் யாவும் அன்பு, பணிவு, ஒழுக்கமாகவே அமைந்தன. பிழையின்றி எழுதினான், நிறைந்த புள்ளியும் பெற்றான். அவனுடைய அம்மம்மா மாத்திரம் மீண்டும் கொப்பிக்குள் வரவில்லை.

வீட்டிலே மாந்தர் தாமாகக் கண்டறியும் சிறு உபாயங்களைக் கல்லூரி தன் வாயிலுக்கு வெளியே நிறுத்திவைத்திருப்பது தவறு என்பதே எம் கருத்து. அவை அறிவின் உமியல்ல; பல வேளைகளில் அரிசியே அவைதாம்.

அரிசிப் பெட்டிக்குள் உலர்ந்த வேப்பிலை இடுவதும், பித்தளைக் குத்துவிளக்கைப் பழப்புளியால் துலக்குவதும், முட்டையை நீரிலிட்டு அதன் பழுதறிவதும் எல்லோரும் அறிந்தவை. புளியிலுள்ள அமிலம் களிம்பைக் கரைக்கின்றது. நாட்பட்ட முட்டையினுள் காற்றறை பெருகுதலால் அது மிதக்கின்றது. காரணம் கேட்டால் நம் தாய்மாருள் பலர் சொல்லார், செய்கையோ பிசகாது. கலங்கிய நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டையை எடுத்துக்கொள்வோம். மட்பானையின் உட்புறத்தில் இவ்வித்தைத் தேய்த்துப் பின் நீரை வார்த்தால், நீரில் மிதக்கும் நுண்ணிய துகள்கள் ஒன்றோடொன்று பற்றித் திரண்டு அடியிலே படியும். கலித்தொகைப் புலவர் இச்செய்கையை அறிந்து உவமையாக்கினார். அங்கே அம்மரத்துக்கு ‘இல்லம்’ என்று பெயர். இல்லத்து அறிவு இலக்கியத்துள் ஏறியதற்கு இதனினும் பொருத்தமான சான்று தேடவேண்டியதில்லை. அச்செய்யுளைப் பொருள் கூறிப் பல தடவை விளக்கிய யாம், தேற்றாங்கொட்டையொன்றைக் கையிலெடுத்துப் பார்த்தது நாற்பது வயதுக்குப் பின்னர்தான் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றோம்.

வாழைக்குலைக்குப் புகையூதுதலும் இத்தகையதே. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் குலைகளைக் குழியிலிட்டு மூடிப் புகையூட்டிப் பழுக்கவைப்பர். பழுக்கும் அப்பிள்கள் தாமே எதிலீன் என்னும் வாயுவை வெளிவிடுகின்றன என்பதை றிச்சாட் கேன் என்னும் ஆய்வாளர் நிறுவியது 1934 ஆம் ஆண்டில். அவ்வாயு புகையிலும் உண்டு. குழியின் வெம்மையும் துணைசெய்யும். தோட்டக்காரருக்கு வாயுவின் பெயர் தெரியாது. எத்தனை நாளில் மூடியைத் திறக்கவேண்டும் என்பது தெரியும்.

பழைய மாணவருள் எம் வயதினர்க்கு இவற்றினும் அண்மையானதொரு நினைவு உண்டு. 1990 ஆம் ஆண்டு நடுப்பகுதியிற் குடாநாட்டில் மின்சாரம் நின்றபொழுது யாம் சிறுவர். மண்ணெண்ணெய் அரிதாயிற்று, பற்றரியும் சவர்க்காரமும் தடைப்பட்ட பொருள்களாயின. அரிக்கன் இலாம்புக்கு ஊற்ற எவரிடம் எண்ணெய் இருந்தது? அப்பொழுது தோன்றியதே ஜாம் போத்தல் விளக்கு. சிறிய போத்தலின் அடியிலே பஞ்சை வைத்து, பஞ்சு ஊறுமளவுக்கு மாத்திரம் எண்ணெய் விடுவர். துவிச்சக்கரவண்டிக் குழாயின் வால்வுக்கட்டையிலே நூல்திரியைக் கோத்து, கம்பியாற் போத்தலுக்குள்ளேயே தூக்கிநிறுத்துவர். போத்தலே காற்றுக்கு மறைப்பு, போத்தலே சிமினி. எண்ணெய் பஞ்சிலே தங்குவதால் அசைந்தாற் சிந்துவதும் குறைவு. சில கரண்டி எண்ணெயில் ஓர் இரவுப் படிப்பு முடியும். இன்று மருத்துவராகவும் பொறியியலாளராகவும் உலகெங்கும் பரந்து வாழும் பழைய மாணவருட் பலர் பரீட்சைக்குப் படித்தது இவ்வெளிச்சத்திலேதான். இதனை முதலிற் செய்தவர் யார்? எவரும் அறியார். ஓர் ஒழுங்கையில் ஒருவர் செய்தார், அடுத்த ஒழுங்கையார் பார்த்தனர், அவ்வளவே.

துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின் எடுத்ததும் அக்காலத்திலேதான். எம் வீட்டிலே சுழற்றும் பணி எம்முடையது. கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோரும்; உடனே ஐயாவின் குரல் உயரும். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழத்தைத் தேய்த்து உடுப்புத் தோய்த்தோம். அழுக்குப் போயிற்று, மணம் போகவில்லை. கொடியில் உலர்ந்த பள்ளிக்கூடச் சட்டையை மாடு வந்து மென்றுவிட்டதை வகுப்பிலே சொல்லி நம்பவைக்க ஒருவன் பட்ட பாடு இன்றும் நினைவிலுண்டு.

இவ்வளவும் சொல்லியதால், வீட்டு உபாயம் எதுவாயினும் போற்றத்தக்கது என்று யாம் கூறுவதாகக் கொள்ளலாகாது. தேற்றாங்கொட்டை நீரைத் தெளியவைக்கும், கிருமியைக் கொல்லாது. தெளிந்த நீரையும் கொதிக்கவைத்தே பருகல் வேண்டும். இலங்கையெங்கும் ஏழை வீடுகளில் எரிந்த மூடியில்லாப் போத்தல் விளக்குகள் சரிந்து எத்தனை குழந்தைகளைத் தீய்த்தன! அப்புண்களுக்கு மருந்திட்ட சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர அவர்கள் விளக்கைப் பழித்தாரல்லர், திருத்தினார். குட்டையாய், கனமாய், சரிந்தாலும் உருளாதவாறு இரு பக்கமும் தட்டையாய், திருகுமூடியுடன் கூடிய விளக்கொன்றை அமைத்து, 1992 ஆம் ஆண்டு முதல் பரப்பினார். 1998 இல் றோலெக்ஸ் விருதும் பெற்றார். ஏழையின் கண்டுபிடிப்பைக் கற்றவர் கையிலெடுத்துச் சோதித்துத் திருத்தும்பொழுது என்ன விளையும் என்பதற்கு இதுவே சான்று. ஏளனஞ்செய்து விலகியிருந்தால் அவ்விளக்கும் இல்லை. பிழைத்த பிள்ளைகளும் இல்லை.

ஏளனம் என்றதும் ஆபிரிக்க மாணவன் ஒருவன் நினைவுக்கு வருகின்றான். இன்று தன்சானியா எனப்படும் நாட்டில், 1963 ஆம் ஆண்டு, எரஸ்தோ ம்பெம்பா என்னும் மாணவன் பாடசாலையிலே ஐஸ்கிறீம் செய்கையில், கொதித்த பாலை ஆறவிடாது குளிரூட்டிக்குள் வைத்தான். ஆறிய பாலுக்கு முன் அவனுடைய பால் உறைந்தது. காரணம் வினவியபொழுது ஆசிரியர், நீ குழம்பிவிட்டாய் என்றார். பின்னர் வேறொரு ஆசிரியர், இது ம்பெம்பாவின் பௌதிகம் என எள்ளினார். பாடசாலைக்கு வந்த பேராசிரியர் டெனிஸ் ஒஸ்போணிடம் சக மாணவர் நகைக்க அதே வினாவைக் கேட்டான். ஒஸ்போண் நகைக்காது சோதித்துப் பார்த்தார். 1969 இல் இருவர் பெயராலும் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அவ்விளைவு எக்காலும் நிகழுமா என்பதில் அறிஞரிடையே இன்றும் வழக்குண்டு. வழக்கு இருக்கட்டும். எம்மைத் தைத்தது அவ்விரண்டு ஆசிரியர்களின் விடையே. எம் சிவப்பு மையும் அவர்களின் வாய்மொழியும் ஒரே குலத்தன.

பரீட்சையில் இவை வாரா, இவற்றுக்கு நேரம் ஏது என எம் சக ஆசிரியர் சிலர் கூறுவர். அவர் கூற்றிலும் நியாயம் உண்டு. பாடத்திட்டத்தின் சுமையை யாமும் அறிவோம். ஆனால் 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றதே. சமையல் வாயுவுக்காக மக்கள் வரிசையில் நின்றனரே. அன்று எம் மாணவர் சிலரிடம் ஜாம் போத்தல் விளக்கைப் பற்றிக் கேட்டோம். ஒருவரும் அறிந்திலர். அதனுடன் சேர்ந்து சொற்களும் போகின்றன என்பது தமிழாசிரியருக்குரிய தனிக்கவலை. வால்வுக்கட்டை, நீத்துப்பெட்டி, பன்னாடை, தும்புக்கட்டு என்பவற்றை இன்று அகராதியிற் காட்டிப் பொருள் சொல்லவேண்டியுள்ளது. இவற்றைக் கைக்கொண்டோர் பெரும்பாலும் பெண்கள். அவர்களின் பெயர் எந்த மலரிலும் இல்லை. இம்மலரிலும் பட்டம் பெற்றோர் பட்டியல் உண்டு. அவர்களுக்கு விளக்குக் கொளுத்திக் கொடுத்தோர் பட்டியல் இல்லை.

ஆகவே எம் வேண்டுகோள் சிறியது. ஆறாந் தரம் தொடக்கம் ஒன்பதாந் தரம் வரையுள்ள ஒவ்வொரு மாணவனும் தவணைக்கு ஓர் உபாயத்தை வீட்டு முதியோரிடம் கேட்டு, அவர் சொன்ன சொல்லாலேயே எழுதி, அவர் பெயரையும் ஊரையும் கீழே இடுதல் வேண்டும். அதனை விஞ்ஞான ஆசிரியர் முன் செய்துகாட்டல் வேண்டும். பலித்தால் பலித்தது என்றும், பலியாவிடின் பலியாது என்றும் எழுதுக. தமிழ்ப் பாடத்திலும் விஞ்ஞானப் பாடத்திலும் அதற்குப் புள்ளி வழங்கப்படுதல் வேண்டும். கடல் கடந்து வாழும் பழைய மாணவர்காள், நிதி அனுப்பும் நீவிர் உங்கள் அன்னையர் செய்த உபாயம் ஒன்றையும் உடன் எழுதி அனுப்புவீராக. தபாற்செலவு மிகாது.

தொடக்கமாக மாணவர் மன்றச் சுவர்ப்பத்திரிகையில் ஒரு பத்தியை ஒதுக்கியுள்ளோம். முதற் கட்டுரையாக அப்பேணிக் கதையை மீண்டும் எழுதித் தருமாறு உரியவனிடம் கேட்டோம். அவன் இப்பொழுது பதினோராந் தரம். மரியாதையாகக் கைகட்டி நின்று, “சோதனை வருகுது, சேர்” என்றான்.