கொக்கின் அலகு ஏன் கறுத்தது?

எண்ணூர்ப் பக்கம் எடுத்த கொக்குப் படத்துக்குக் கீழே "அபூர்வ நிற அலகு!!!" என்று யாராவது எழுதியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வருகிறது. கொக்கின் அலகு நிறம் மாறுவது அபூர்வமே இல்லை, நண்பர்களே. பெரிய வெண்கொக்குக்குச் சாதாரண நாளில் மஞ்சள் அலகு. கூடு கட்டும் பருவத்தில் அதுவே கறுத்துவிடும். உண்ணிக்கொக்கின் மஞ்சள் அலகு கொஞ்ச நாள் சிவக்கும். (நாரையின் அலகுக்குப் பனங்கிழங்கை உவமை சொன்ன சத்திமுத்தப் புலவர் அளவுக்கு நாம் உற்றுப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான் :-))

ஆனால் எண்ணூரில் இன்னொரு கறுப்பும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம்வரை பரவியது. எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களின் படங்களை அப்போது எல்லோரும் பார்த்தோம். அதற்கு முன் 2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது.

சிக்கல் என்னவென்றால், வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான் இங்கே கொக்குகள் கூடு கட்டத் தொடங்கும். ஆக, டிசம்பரில் கறுத்த அலகை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பருவ நிறம் என்றால் அலகு சீராகக் கறுத்திருக்கும், கண்ணுக்கு முன்னால் உள்ள வெறுந்தோல் பச்சையாகும், முதுகில் மெல்லிய தூவிகள் தொங்கும். எண்ணெய் என்றால் திட்டுத்திட்டாக இருக்கும். வயிறும் காலும் சேர்ந்து அழுக்காகும். சின்ன வெண்கொக்கின் மஞ்சள் விரல்கள்கூட மறைந்துபோகும். அப்படி அழுக்கேறிய ஒன்றைப் பார்த்துவிட்டு, 'கருநிறக் கரைக்கொக்கு கண்டேன்' என்று குதிக்கவும் வாய்ப்புண்டு. கரைக்கொக்கின் அலகு இன்னும் தடிமன், பழுப்பு கலந்த மஞ்சள்.

அலகில் ஒட்டிய எண்ணெய் வெறும் கறையும் அல்ல. இறகைக் கோதிக் கோதியே பறவை அதை விழுங்குகிறது.

காட்டுக்குப்பம் மீனவர் தன் படகில் ஒட்டிய எண்ணெயை அதிகாரியிடம் தொட்டுக் காட்டலாம். கொக்கு யாரிடம் காட்டும்? நம்மில் பலர் அழுக்குப் பறவையின் படத்தை 'நன்றாக வரவில்லை' என்று அழித்துவிடுகிறோம். எண்ணெய் எங்கேவரை போனது, எத்தனை நாள் இருந்தது என்று பிறகு வாதம் வரும்போது, தேதியும் இடமும் உள்ள அந்தப் படம்தான் உதவும். எனவே அதை அழிக்காதீர்கள். கால் விரலும் தெரிகிற மாதிரி எடுத்தால் ரொம்ப நல்லது.