பதக்கமில்லாத ஹவில்தார்

செப்டம்பர் 11 நெருங்கினால் ராமநாதபுரம் மாவட்டத்தில் தடை உத்தரவு, சோதனைச் சாவடி, வாகனக் கட்டுப்பாடு எல்லாம் வரிசையாக வந்துவிடும். பரமக்குடியில் தியாகி இம்மானுவேல் சேகரனின் நினைவிடத்துக்குப் போகிறவர்களை அரசு முதலில் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகத்தான் பார்க்கிறது. 2011இல் அதே நாளில் ஐந்துமுனைச் சந்திப்பில் துப்பாக்கிச்சூடு வரை போனது. ஆறு பேர் இறந்தார்கள்.

நம் இளைஞர்களின் பதாகைகளில் அவர் 'மாவீரன்'. ராணுவத்தில் இருந்தவர் என்பதைப் பெருமையோடு சொல்கிறோம். சொல்லட்டும், தவறில்லை. ஆனால் அவரை யாருக்கும் பிடிக்காமல் போனது அந்தச் சீருடையாலா என்று கேட்டுப் பார்க்கிறேன்.

1924இல் செல்லூரில் பிறந்தவர். 1945இல் ராணுவத்தில் சேர்ந்து ஹவில்தார் ஆனார். அவர் பதக்கம் வாங்கியதாக நான் எங்கும் படித்ததில்லை. சீருடை ஒரு தலித்துக்கு என்ன தரும், என்ன தராது என்பது நமக்குப் புதிதல்ல. அம்பேத்கரின் தந்தை சுபேதாராக இருந்தவர். அவருடைய மகன் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப் பானையைத் தொட முடியவில்லை. முதுகுளத்தூர்ப் பக்கம் ராணுவத்திலிருந்து திரும்பியவனுக்கும் டீக்கடையில் தனிக் குவளைதான்.

சேகரன் ஊர் திரும்பி அந்தக் குவளையை எதிர்த்தார். ஒடுக்கப்பட்டோர் அமைப்பைக் கட்டினார், காங்கிரசில் வேலை செய்தார். துப்பாக்கி பிடித்த கை இப்போது மனு எழுதியது, ஊர் ஊராக ஆள் சேர்த்தது. இந்தப் பகுதியைத்தான் நாம் பதாகையில் போடுவதில்லை. படத்துக்கு எடுப்பாக இருக்காது அல்லவா!

1957 பொதுத்தேர்தலில் முத்துராமலிங்கத் தேவர் சட்டமன்றம், நாடாளுமன்றம் இரண்டிலும் வென்று முதுகுளத்தூர் சட்டமன்ற இடத்தை விட்டுக்கொடுத்தார். ஜூலையில் நடந்த இடைத்தேர்தலில் பார்வர்டு பிளாக்கின் சசிவர்ணத் தேவர் ஜெயித்தார். காங்கிரசுக்கு வாக்களித்த தலித்துகள் மேல் பகை முற்றியது. மாவட்ட ஆட்சியர் பணிக்கர் செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் சமாதானக் கூட்டம் கூட்டினார். அங்கே யார் என்ன பேசினார்கள் என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். எல்லாரும் ஒத்துக்கொள்வது ஒன்று: தன் மக்களின் பிரதிநிதியாக, மற்றத் தலைவர்களுக்குச் சமமாக, சேகரன் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். முப்பத்து மூன்று வயதுகூட நிரம்பவில்லை.

கலவரம் பரவிக் குடிசைகள் எரிந்தன. 14ஆம் தேதி கீழத்தூவலில் காவல்துறை ஐந்து மறவர் இளைஞர்களைச் சுட்டுக் கொன்றது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சேகரன் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட தேவரை 1959இல் நீதிமன்றம் விடுவித்தது.

இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது 2010இல், ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து. 2023இல் தமிழக அரசு மூன்று கோடியில் மணிமண்டபம் அறிவித்தது. வரவேற்கிறேன். தபால்தலையும் மண்டபமும் யாருடைய நாற்காலியையும் பறிப்பதில்லை, அதனால் கொடுப்பது சுலபம்.

2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தேர்தலில் வென்ற தலித் ஊராட்சித் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளிவந்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். அடுத்த செப்டம்பரில் பரமக்குடிக்குப் போகும் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன்: உங்கள் ஊராட்சிக் கூட்டத்தில் இன்று யார் எங்கே உட்காருகிறார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு வண்டி ஏறுங்கள்.