மணிச்சத்தை விழுங்கும் மலை மண்

நீலகிரியில் உருளைக்கிழங்கு பயிரிடும் சிறு விவசாயிகளில் சிலர், செடி தேறவில்லை என்றால் மணிச்சத்து போதவில்லை என்று எண்ணி இன்னும் ஒரு மூட்டை சூப்பர் பாஸ்பேட் வாங்குகிறார்கள். இது கடனை வளர்க்கும் வழியே தவிர, கிழங்கை வளர்க்கும் வழி அன்று. புளித்துப்போன மண்ணில் குறை பெரும்பாலும் உரத்தில் இல்லை. கரைந்து நிற்கும் அலுமினியத்தில் இருக்கிறது.

அலுமினியம் என்றதும் பாத்திரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் களிமண் எல்லாவற்றிலும் அது உண்டு. மண்ணின் கார அமில நிலை 6-க்கும் 7-க்கும் இடையே இருக்கும்வரை அது கரையாமல் படிந்து கிடக்கும், பயிருக்குத் தீங்கில்லை. 5.5-க்குக் கீழே இறங்கினால் கரையத் தொடங்குகிறது. 5-க்கும் கீழே போனால் நச்சு அயனியாகவே மண் நீரில் கலந்துவிடுகிறது. கார அமில நிலை ஒரு எண் குறைந்தால் கரையும் அளவு, ஏட்டுக் கணக்குப்படி, ஆயிரம் மடங்கு கூடும். கனமழை சுண்ணாம்புச் சத்தைக் கழுவிச் சென்ற மலைச் சரிவுகளில் நடப்பது இதுதான். போதாக்குறைக்கு அம்மோனியம் சல்பேட்டும் சேர்ந்துகொள்கிறது. அதில் 100 கிலோ இட்டால் உண்டாகும் புளிப்பை மாற்ற ஏறக்குறைய 110 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும்.

கரைந்த அலுமினியம் முதலில் தாக்குவது வேரின் நுனியை. செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் குட்டையாகத் தடித்து, பழுப்பேறி, சல்லி வேரின்றி இருக்கும். இட்ட மணிச்சத்தையும் அது பிடித்துக்கொண்டு கரையாத பாஸ்பேட்டாக மாற்றிவிடுகிறது. மலைத் தோட்டங்களில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூப்பதும் இந்த அலுமினியத்தால்தான். பார்க்க அழகு, கிழங்குக்கு ஆகாது. தேயிலை மட்டும் அதைத் தாங்கி வளரும் பயிர்.

ஆகவே முதலில் சுண்ணாம்பு, பிறகே சூப்பர். டாலமைட் இட்டால் மக்னீசியமும் சேர்ந்து கிடைக்கும். நடவுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே தூவிக் கொத்திவிட வேண்டும்.

எவ்வளவு இடுவது என்பதில்தான் சிக்கல். மலைப் பகுதி விவசாயிக்கு மண் பரிசோதனைச் சீட்டில் கார அமில நிலையை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதாது. மண் துகளில் ஒட்டியுள்ள அலுமினியத்தையும் பொட்டாசியம் குளோரைடு கரைசலால் பிரித்து அளந்து எழுத வேண்டும். 100 கிராம் மண்ணில் அது ஒரு மில்லி ஈக்விவலன்ட் இருந்தால் ஹெக்டேருக்குச் சுமார் 1.5 டன் சுண்ணாம்புக்கல் தூள் என்று கணக்குப் போட்டுவிடலாம். மலையேற்றி வரும் சுண்ணாம்புக்கு வண்டி வாடகையும் கொடுப்பவரை உத்தேசமாக இடச் சொல்வது நியாயமன்று.

அளவு மீறினாலும் தொல்லையே. உருளைக்கு 5.5 வந்தால் போதும். 7-க்கு ஏற்றினால் கிழங்கின் தோலில் சொறி நோய் காணும். சுண்ணாம்புக்குக் கைப்பணம் போதாதவர்கள் தொழு உரத்தையாவது தாராளமாக இடலாம். அது மக்கும்போது உண்டாகும் அங்கக அமிலங்கள் அலுமினியத்தைக் கட்டிப்போட்டு நச்சைக் குறைக்கின்றன.

சமவெளி விவசாயிகள் இதைப் படித்துவிட்டுச் சுண்ணாம்பு வாங்கப் புறப்பட வேண்டாம். அங்கே பல நிலங்களில் சுண்ணாம்பு ஏற்கெனவே மிகுதி.