பிரீமியம் கட்டுவது யார்? பாகம் தேர்வது யார்?

சென்ற வாரம் நம் அலுவலகத்துக்கு ஒரு டாக்சி ஓட்டுநர்த் தோழர் வந்தார். கையில் கசங்கிய மதிப்பீட்டுத் தாள். முன்னே போன லாரி திடீரென்று நிற்க, இவர் வண்டியின் முகம் நசுங்கிவிட்டது. உயிருக்குச் சேதமில்லை, அந்த மட்டில் மகிழ்ச்சி. வண்டி பட்டறையில் நிற்பது பன்னிரண்டு நாளாக. கடன் தவணை மட்டும் ஒரு நாளும் நிற்பதில்லை!

"பிரீமியம் கட்டியது நான். வண்டி என்னுடையது. புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் இதே பம்பர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. அதை மாட்டிக்கொண்டு நாளைக்கே சவாரிக்குப் போகிறேன் என்றால், முடியாது, கம்பெனி பாகந்தான் என்கிறார்கள். என் வண்டிக்கு எந்தப் பாகம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லையா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ஆனால் நியாயம் ஒன்று, பத்திரம் ஒன்று! காப்பீட்டுப் பத்திரத்தை நாம் புரட்டிப் பார்த்தோம். 2002-இல் வகுக்கப்பட்ட இந்திய மோட்டார் கட்டண விதிகளில் உள்ள வாசகங்கள்தாம் இன்றும் பெரும்பாலும் பத்திரங்களில் இருக்கின்றன. வண்டியைப் பழுது பார்ப்பதா, பாகத்தை மாற்றித் தருவதா, பணமாகக் கொடுப்பதா என்று முடிவு செய்யும் உரிமை காப்பீட்டுக் கம்பெனிக்கே என்று அதில் எழுதியிருக்கிறது. கார் வைத்திருப்பவர் தம் பொறுப்பில் பழுது பார்க்கச் சொல்லலாம். செலவு 500 ரூபாயைத் தாண்டக்கூடாது! 500 ரூபாய்க்கு இன்று எந்தப் பட்டறையில் எந்தப் பழுது பார்ப்பார்கள்? கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பார்கள்!

சரி, கம்பெனி முழுப் பணத்தையும் கொடுத்துவிடுகிறதா? அதுவும் இல்லை. தேய்மானம் என்று ஒரு அட்டவணை வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக், ரப்பர், நைலான், டயர், டியூப், பாட்டரி, காற்றுப்பை இவற்றுக்கெல்லாம் பாதி விலைதான். வண்டி நேற்று வாங்கியதானாலும் பாதிதான். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இரும்புப் பாகத்துக்கு வண்டியின் வயதைப் பார்ப்பார்கள்: முதல் ஆறு மாதம் கழிவில்லை; ஐந்து வயதைக் கடந்தால் 40 சதவீதம்; பத்தைக் கடந்தால் 50 சதவீதம். இதற்குமேல் கட்டாயக் கழிவு வேறு.

தோழர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டுகிறோம். ஆறு வயதான வண்டி. கார்க் கம்பெனியின் பம்பர் 8,000 ரூபாய், பானெட் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காப்பீடு கொடுப்பது 4,000-மும் 6,000-மும். மீதி 8,000 ஓட்டுநரின் சட்டைப்பையிலிருந்து! அதே இரண்டும் வெளிச்சந்தையில் பாதி விலைக்குக் கிடைத்தால் அவருக்கு 4,000 மிச்சம். காப்பீட்டுக் கம்பெனிக்கு 5,000 மிச்சம். பாதிச் சுமையைத் தூக்குகிறவனுக்குப் பாகத்தைத் தேர்ந்தெடுக்க உரிமை கிடையாது என்றால், இதென்ன நியாயம் என்று கேட்கிறோம்.

கணக்கைத் திருப்பியும் பார்க்கவேண்டும். தேய்மானம் கழிக்காத பத்திரம் என்று கூடுதல் பிரீமியம் கட்டி வாங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் பாகத்தின் விலையைக் கம்பெனியே ஏற்கிறது. அந்த வண்டிக்கு மலிவான பாகத்தை மாட்டினால் மிச்சமாகும் பணம் யாருக்கு? முழுக்க முழுக்கக் கம்பெனிக்கு! ஓட்டுநருக்குக் கிடைப்பது மலிவுப் பாகம் மட்டுமே. ஆகவே வெளிச்சந்தைப் பாகம் நல்லதா, கெட்டதா என்று பொதுவாக வாதிடுவது வீண். மிச்சம் யார் பைக்குப் போகிறது, தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்கவேண்டும்.

"வெளிச்சந்தைப் பாகமெல்லாம் போலி, உயிருக்கு ஆபத்து" என்று கார்க் கம்பெனிகள் முழங்குகின்றன. பாடியிலும் அம்பத்தூரிலும் ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உதிரிப்பாகத் தொழிற்சாலைகளில் வியர்வை சிந்தும் தோழர்களைக் கேளுங்கள். இவர்கள் கையால் உருவாகும் பாகம் கார்க் கம்பெனியின் பெட்டியில் ஏறினால் ஒரு விலை. செய்த ஆலையின் பெட்டியில் ஏறினால் இன்னொரு விலை. இயந்திரம் ஒன்று, இரும்பு ஒன்று, தொழிலாளி ஒருவன்; பெட்டி மட்டும் இரண்டு! பெட்டி மாறியதற்காக அவன் கூலி ஒரு காசு ஏறியதுண்டா?

இது நம் கற்பனையல்ல. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார்க் கம்பெனிகளுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தில்லிக்காரர் ஒருவர் 2011-இல் கொடுத்த புகாரிலிருந்து எழுந்த வழக்கு அது. உதிரிப்பாகங்களை வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்தார்கள். பாகம் செய்து தரும் ஆலைகள் நேரடியாகச் சந்தையில் விற்கவும் ஒப்பந்தத்தால் கைகளைக் கட்டினார்கள் என்று ஆணையம் கண்டது. வெளிப் பட்டறைக்குப் போனாலே உத்தரவாதம் செல்லாது என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லக்கூடாது என்றும் உத்தரவிட்டது. கம்பெனிகள் மேல்முறையீடு, உயர்நீதிமன்றம் என்று படியேறின. வழக்கறிஞர்க்கு வேலை கிடைத்தது. நம் டாக்சித் தோழருக்கு இன்றும் பம்பர் கிடைக்கவில்லை!

கடல் கடந்தும் இந்தத் தகராறு உண்டு, வேறு முகத்தோடு. அமெரிக்காவில் காப்பீட்டுக் கம்பெனியே மலிவான வெளிப் பாகங்களை மாட்டச் சொன்னது என்று ஸ்டேட் ஃபார்ம் கம்பெனி மீது வழக்குத் தொடுத்தார்கள். 1999-இல் இல்லினாய் மாநிலத்து நீதிமன்றம் நூறு கோடி டாலருக்கும் மேல் கொடுக்கச் சொன்னது. 2005-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இங்கே விலையுயர்ந்த பாகத்தைத் திணிக்கிறார்கள். அங்கே மலிவானதைத் திணித்தார்கள் என்று புகார். இரு இடத்திலும் வண்டிக்காரனை யாரும் கேட்கவில்லை! ஆனால் அங்கே பல மாநிலங்களில், வெளிப் பாகம் மாட்டுவதானால் மதிப்பீட்டுத் தாளிலேயே அதை எழுதிக் காட்டவேண்டும் என்று சட்டம் செய்திருக்கிறார்கள். அந்த ஒரு வரியைத்தான் இங்கே நாம் கேட்கிறோம். எந்தப் பாகம் எந்த வகை, விலை என்ன, காப்பீட்டின் பங்கு எவ்வளவு, உரிமையாளரின் பங்கு எவ்வளவு என்று எழுதி, அவர் கையெழுத்து வாங்கிய பிறகே ஸ்பானரைத் தொடவேண்டும்.

நம்மவர்களுக்கும் ஒரு சொல் உண்டு, கசந்தாலும் சொல்கிறோம். கம்பெனிப் பாகத்துக்குப் பில் வாங்கி, போலியை மாட்டி, மிச்சத்தைப் பங்கு போடும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. சில ஓட்டுநர்களும் உடந்தை. "கொள்ளையடிக்கிற கம்பெனிதானே, கொடுக்கட்டுமே" என்கிறார்கள். பொய்ப் பில் பொய்ப் பில்தான். பிடிபட்டால் காப்பீடே கைவிடும். பிடிபடாவிட்டால் அடுத்து அந்த வண்டியை வாங்கும் ஏழை கைவிடப்படுவான். வெளிப் பாகம் வாங்கினால் வெளிப் பாகத்தின் பில்லையே கொடுப்போம். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

எல்லாப் பாகமும் ஒன்றல்ல என்பதையும் மறக்கலாகாது. பம்பர், கண்ணாடி மூடி, மட்கார்டு இவற்றில் மலிவு பார்க்கலாம்; இடுக்கில் சற்று இடைவெளி தெரியும், வண்ணம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். பிரேக், ஸ்டியரிங், சீட் பெல்ட், காற்றுப்பை இவற்றில் பேரம் பேசாதீர்கள். முன்கண்ணாடிக்கும் டயருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் புதியதன் பெட்டியையும் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

சரக்கு வண்டித் தோழர்களுக்கு இன்னொன்று. உங்கள் பத்திரத்தில் விளக்கு, பம்பர், மட்கார்டு, டயர், வண்ணப்பூச்சு ஆகியவை கூடுதல் பிரீமியம் கட்டினாலொழியச் சேராது. வண்டியே முழுக்கப் போனால்தான் கணக்கில் வரும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவர்களுக்கோ சொந்த வண்டிக்கு ஒரு காசும் வராது. விபத்துக்குப் பிறகு இதை அறிந்து தலையில் கைவைத்தவர்கள் ஏராளம்.

நாம் இதை எழுதும் நேரத்திலும் அந்தத் தோழரின் வண்டி பட்டறையில்தான் நிற்கிறது. ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே அதன் வகையை எழுதித் தரும்படி கேட்டு மதிப்பீட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். பதில் வந்ததும் இதே பகுதியில் வெளியிடுவோம்.