அரை அங்குலம் குறைந்தால் குற்றம்

அமெரிக்காவில் ஒரு ரைஃபிள் சட்டத்துக்கு உட்பட்டதா இல்லையா என்று பார்க்க ஒரு மரக்குச்சி போதும். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டை மூட வேண்டும். குழலின் வாய் வழியாகக் குச்சியை உள்ளே விட்டு, அது போல்ட்டில் முட்டியதும் வாய் விளிம்பில் ஒரு கோடு கிழித்து, வெளியே எடுத்து அளக்க வேண்டும். கோடு 16 அங்குலத்தில் விழுந்தால் அது எந்தக் கடையிலும் கிடைக்கும் ரைஃபிள். பதினைந்தரையில் விழுந்தால் அது ‘குட்டைக் குழல் ரைஃபிள்’. கைரேகையும் புகைப்படமும் கொடுத்து மத்திய அரசிடம் பதிவு செய்யாமல் வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை. இதைக் கேலி செய்யாத துப்பாக்கிப் பிரியர் அங்கே இல்லை. கேலியில் நியாயமும் இருக்கிறது. ஆனால் குட்டைக் குழல் நல்லதா, நெட்டைக் குழல் நல்லதா என்று அதே பிரியர்கள் தங்களுக்குள் நடத்தும் வாதத்தைக் கூர்ந்து கவனித்தால், அந்தப் பதிவேடு ஏன் இருக்க வேண்டும் என்பதற்கு அவர்களே சாட்சி சொல்வது தெரியும்.

அந்த வாதம் பெரும்பாலும் ஏஆர்-15 வகை செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளைச் சுற்றியே நடக்கிறது. அதன் 5.56 மில்லிமீட்டர் தோட்டா 20 அங்குலக் குழலுக்காக வடிவமைக்கப்பட்டது. அத்தனை நீளத்தில் வெடிமருந்து நன்றாக எரிந்து குண்டை விநாடிக்கு 900 மீட்டருக்கு மேல் தள்ளுகிறது. ராணுவத்தின் எம்4-இல் குழல் பதினாலரை அங்குலமாகச் சுருங்கியது. கப்பலின் குறுகிய வழிகளிலும் அறைகளிலும் சண்டையிடும் கடற்படைச் சிறப்புப் படையினருக்கான எம்கே18-இல் 10.3 அங்குலமாயிற்று. அந்த நீளத்தில் வேகம் 800 மீட்டருக்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. எரிந்து முடியாத மருந்து குழலுக்கு வெளியே நெருப்புக் கோளமாக வெடிக்கிறது. மூடிய அறையில் காது தாங்காது. இவற்றை அடுக்கி, ‘குட்டைக் குழலில் காசைக் கொட்டாதீர்கள்’ என்பது ஒரு தரப்பு. மறுதரப்பும் சளைப்பதில்லை. வீட்டு நடையில் திரும்ப இடம் வேண்டாமா, சைலன்சரைப் பூட்டினால் குட்டைக் குழலே 16 அங்குலத்தை எட்டிவிடாதா, குறைந்த நீளத்திலேயே மருந்து எரிந்து தீரும்படி .300 பிளாக்அவுட் என்று தனித் தோட்டாவே 2011-இல் வந்துவிட்டதே என்று கேட்கிறார்கள். இதில் இரு தரப்பும் மறுக்காத ஒன்று உண்டு. ஆற்றல் குறைந்த பிறகும் அந்தக் குட்டை ரைஃபிள் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வலுவானது. தோளில் முட்டுக் கொடுப்பதால் குறியும் தப்பாது. சிறிய உருவத்தில் பெரிய வலு என்பதுதான் அதன் சிறப்பு. சட்டம் அஞ்சியதும் அதற்குத்தான்.

சட்டத்தின் பிறப்பு அலங்கோலமானது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மதுவிலக்குக் காலத்து ரவுடிக் கும்பல்களின் அட்டகாசத்துக்குப் பிறகு, 1934-இல் தேசிய துப்பாக்கிச் சட்டம் வந்தது. முதல் வரைவில் கைத்துப்பாக்கியும் பட்டியலில் இருந்தது. அதற்குக் கட்டுப்பாடு போட்டால் ரைஃபிள் குழலை அறுத்துக் கைத்துப்பாக்கி போல் ஆக்கிக்கொள்வார்களே என்றுதான் குட்டைக் குழலையும் சேர்த்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும் கைத்துப்பாக்கியை நீக்கினார்கள். அதற்குக் காவலாக வைத்ததை நீக்க மறந்தார்கள். வீட்டை இடித்துவிட்டு வேலியை மட்டும் விட்டுவைத்த கதை. பட்டியலில் நின்றவற்றுக்குச் சட்டம் போட்ட வரி 200 டாலர். அன்றைக்கு ஒரு தாம்சன் இயந்திரத் துப்பாக்கியின் விலையே ஏறத்தாழ அவ்வளவுதான். முதலில் 18 அங்குலமாக இருந்த ரைஃபிள் வரம்பு 1960-இல் 16 ஆனது. வானத்திலிருந்து விழுந்த எண் அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டாம். இன்றைக்கு ஏஆர்-15-இன் இரண்டு ஊசிகளைத் தள்ளினால் மேல்பாதி தனியே கழன்றுவிடும். 10 அங்குலக் குழல் கொண்ட வேறொரு மேல்பாதியைப் பூட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தில் சட்டத்துக்கு அடங்கிய குடிமகன் குற்றவாளி ஆகிறார்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதே 10 அங்குலக் குழல் கொண்ட துப்பாக்கியைத் தோள்கட்டை இல்லாமல் விற்றால் அதற்குப் பெயர் கைத்துப்பாக்கி, பதிவு வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் ஒரு கையால் சுட வசதியாக, முன்கையில் கட்டிக்கொள்ளும் ‘பிரேஸ்’ ஒன்றுக்கு 2012-இல் அனுமதி கிடைத்தது. அதைத் தோளில் வைத்துச் சுடலாம் என்று நாடே கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை, லட்சக்கணக்கில் விற்றது. 2019 ஆகஸ்டில் டேட்டன் நகரில் அரை நிமிடத்தில் ஒன்பது பேரைக் கொன்றதும், 2021 மார்ச்சில் போல்டர் நகரில் பத்துப் பேரைக் கொன்றதும் இந்த வகைதான். 2023-இல் பிரேஸ் பொருத்தியவற்றையும் குட்டை ரைஃபிளாகப் பதியச் சொன்ன அரசு விதியை, அடுத்த ஆண்டு டெக்சாஸ் நீதிமன்றம் ரத்து செய்தது. ‘பார்த்தீர்களா, சட்டமே ஓட்டைப் பாத்திரம், தூக்கி எறியுங்கள்’ என்கிறார்கள் பிரியர்கள். ஓட்டை இருப்பது உண்மை. ஆனால் அந்த ஓட்டை வழியே அத்தனை பேர் ஏன் முண்டியடித்தார்கள்? தோளில் முட்டுக் கொடுத்தால் குறி நிலைக்கும் என்பதால். கட்டை ஒன்றும் பெரிய வித்தியாசம் அல்ல என்று வாதிட்டுவிட்டு, அதற்காகவே கடையில் காசு கொடுப்பது பொருந்தவில்லை.

எண்ணிக்கையைக் காட்டுவோரும் உண்டு. எஃப்பிஐ கணக்குப்படி 2019-இல் கொலைகளில் கைத்துப்பாக்கி 6,368. எல்லா வகை ரைஃபிளும் சேர்த்து 364. துப்பாக்கி வகை குறிப்பிடப்படாத மூவாயிரத்துச் சொச்சத்தைத் தள்ளி வைத்தாலும் விகிதம் தெளிவு; அமெரிக்காவின் பிணக்குவியலுக்கு முதல் காரணம் கைத்துப்பாக்கிதான். குட்டைக் குழல் பதிவேட்டால் இத்தனை உயிர் பிழைத்தது என்று யாரும் எண்ணிக் காட்ட முடியாது. தொண்ணூறு ஆண்டுகளாகப் பதிவேட்டுக்குள் இருக்கும் ஒன்று குற்றத்தில் அரிதாக வருவதை வைத்து, பதிவேடு வீண் என்று சொல்வதும் அதே அளவுக்குப் பலவீனமான வாதம்.

நியாயமாகவே பொறுக்க முடியாததாக இருந்தது அந்த 200 டாலர். பணம் உள்ளவனுக்கு உரிமை, இல்லாதவனுக்குக் குற்றம் என்ற நிலையை அது உண்டாக்கியது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் அதைக் குட்டைக் குழலுக்கும் சைலன்சருக்கும் 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாக்கிவிட்டது. ஆனால் 1934 சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1937-இல் ஏற்றது வரி விதிக்கும் அதிகாரத்தின் பேரில். வரியே இல்லாதபோது பதிவு எதற்கு என்று இப்போது வழக்குகள் கிளம்பியிருக்கின்றன. சட்ட நுணுக்கமாக அது கூர்மையான கேள்வி. கொள்கையாகப் பார்த்தால், விண்ணப்பதாரரிடம் இன்று கேட்கப்படுவது ஒரு படிவம், ஒரு படம், பத்து விரல் ரேகை. அளவுகோல் கோணல் என்றால் அதைத் திருத்தட்டும். பிரேஸையும் தோள்கட்டையையும் ஒரே தட்டில் வைக்கட்டும். சிறிய உருவத்தில் பெரிய வலு என்று வாங்குகிறவரே மெச்சும் ஒரு பொருள் யார் கையில் இருக்கிறது என்ற குறிப்பை அரசு கிழித்துப்போட, இதுவரை சொல்லப்பட்ட எந்தக் காரணமும் போதாது.