வளைந்த காலும் விளம்பரப் பட்டையும்

எண்ணூர்க் கரையில் வலை இழுத்தும், துறைமுகத்தில் சுமை தூக்கியும் நாற்பது வயதைக் கடந்தவர்களுள், கணுக்கால்கள் சேர்ந்திருக்க முழங்கால்கள் மட்டும் விலகி வில்லென வளைந்து நிற்போர் சிலரைக் காணும்போதெல்லாம், சில வாரங்களில் கால் நேராகிவிடுமென்று ஆசை காட்டிப் பட்டைகளை விற்கும் விளம்பரங்களின்மேல் எனக்குக் கோபமே எழுகிறது.

எலும்பின் வளர்ச்சித் தகடுகள் மூடிவிட்ட பிறகு, எந்த ஆசனமும் எந்தப் பட்டையும் எலும்பின் வளைவை நிமிர்த்த இயலாது. தவழ்ந்தெழும் குழந்தையின் கால் வளைவு பெரும்பாலும் தானே சரியாவது வேறு கதை.

ஆயினும் பயிற்சியே வீண் என்பது என் பட்சமன்று. உடலின் பாரம் முழங்காலின் உட்புறத்தில் மிகுதியாக விழுந்து அங்குள்ள குருத்தெலும்பு தேய்வதுதான் இவ்வளைவின் பிரதான அபாயமாதலால், நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி நிறுத்தித் தொடையின் முன்தசைக்கும், ஒருக்களித்துப் படுத்துக் காலை உயர்த்தி இடுப்புத் தசைக்கும் வலுவூட்டுவதும், மிகுந்த உடல் எடையைக் குறைப்பதும் வலியைத் தணிக்கும். நிற்கும் வழக்கத்தால் மட்டும் வளைவாகத் தோன்றுவது சற்றுக் குறையவும் கூடும். எலும்பே வளைந்திருப்பின், அதை வெட்டித் திருத்தும் சஸ்திர சிகிச்சையன்றி நேராக்கும் மார்க்கம் இல்லை.

எது எலும்பின் கோணல், எது நிற்கும் வழக்கத்தின் கோணல் என்பதை நின்ற நிலையில் இடுப்பு முதல் கணுக்கால் வரை எடுக்கும் எக்ஸ்ரே காட்டிவிடும். ராயபுரத்துப் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. பட்டை வாங்குமுன் ஒரு நாள் கூலியை விட்டேனும் அங்கே எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.