மலையேற ஜிபிஎஸ் கருவி வாங்கலாமா? ஒரு டாக்டரின் பார்வை

1/
லீவு வந்தாலே "டாக்டர், ட்ரெக்கிங் போறோம், என்ன மாத்திரை எடுத்துட்டுப் போகணும்?"னு கேட்பாங்க. இப்போ கூடவே இன்னொரு கேள்வியும் வருது: "கையில வச்சுக்கிற ஜிபிஎஸ் கருவி வாங்கலாமா? எது நல்லது?"
இதுக்கும் மருத்துவத்துக்கும் என்ன சம்பந்தம்னு தோணலாம். மலையில் ஒருத்தருக்குக் கால் ஒடிஞ்சாலும், பாம்பு கடிச்சாலும், உதவிக்கு வர்றவங்க முதலில் கேட்பது "எங்க இருக்கீங்க?"

2/
முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். ஜிபிஎஸ்ஸுக்கு டவரும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்கி, குறைந்தது நாலு கிடைச்சா உங்க இடத்தையும் உயரத்தையும் கணக்குப் போட்டுடும்.
உங்க போனுக்குள்ளயும் இதே வசதி இருக்கு. டவர் இல்லாத காட்டில் போன் கைவிடுறது மேப் லோட் ஆகாததால்தான். அந்தப் பகுதி மேப்பை வீட்டிலேயே டவுன்லோட் பண்ணி வச்சிட்டா பாதிப் பிரச்சினை முடிஞ்சது.

3/
அதனால என் கருத்து இதுதான். காலையில் ஏறி சாயங்காலம் இறங்குற பயணத்துக்குத் தனிக் கருவி தேவையில்லை. டவுன்லோட் பண்ணின மேப், முழு சார்ஜ், ஒரு பவர் பேங்க் போதும். மிச்சமாகும் காசில் நல்ல ஷூவும் முதலுதவிப் பெட்டியும் வாங்குங்க.

4/
அப்போ யார் வாங்கணும்? இமயமலை மாதிரி இடத்தில் பல நாள் நடக்கிறவங்க. குளிரில் போன் பேட்டரி சட்டுனு இறங்கும். மழையில் நனைஞ்ச விரலுக்கும் கையுறைக்கும் டச் ஸ்கிரீன் சரியா ஒத்துழைக்காது. மேப், போட்டோ, டார்ச், போன் கால் எல்லாத்துக்கும் ஒரே பேட்டரின்னா, அது செத்தா எல்லாமே போச்சு.

5/
வாங்கும்போது கலர் ஸ்கிரீனைப் பார்த்து மயங்காதீங்க. நான் பார்க்கச் சொல்றது நாலு விஷயம்:
• மாற்றக்கூடிய பேட்டரி. கார்மின் இட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் ரெண்டும் சுவர்க் கடிகாரத்துக்குப் போடுற ஏஏ பேட்டரி ரெண்டில் 25 மணி நேரம் வரை ஓடும்னு கம்பெனி சொல்லுது. குளிருக்கு லித்தியம் ஏஏ எடுத்துக்குங்க.
• டச் இல்லாம, அழுத்துற பட்டன்.
• ஐபிஎக்ஸ்7 தரம். ஒரு மீட்டர் தண்ணியில் 30 நிமிஷம் தாங்கும்.
• காற்றழுத்தத்தை வச்சு உயரம் காட்டும் ஆல்டிமீட்டர். இது 32எக்ஸில் உண்டு, 22எக்ஸில் இல்லை.

6/
ஒரு டாக்டரா நான் அந்த நாலாவதுக்குத்தான் முக்கியத்துவம் கொடுப்பேன். 3,000 மீட்டருக்கு மேல போயிட்டா, இன்னிக்கு ராத்திரி தூங்கும் இடம் நேத்து தூங்கின இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல உயரமா இருக்கக் கூடாது. மூணு நாலு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வேணும். அமர்நாத் குகையே 3,800 மீட்டருக்கு மேல. தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வந்தா மேலே ஏறாதீங்க. தள்ளாட்டம் இருந்தா உடனே கீழே இறக்குங்க.
காற்றழுத்தம் வானிலையைப் பொறுத்து மாறும். உயரம் தெரிஞ்ச இடத்தில் தினமும் ஒரு தடவை சரிபார்த்துக்குங்க.

7/
அடுத்தது, இடத்தை எப்படிச் சொல்றோம்கிறது. உதாரணமா, உங்க கருவி 11 டிகிரி 24.612 நிமிடம்னு காட்டுது. பதட்டத்தில் "11.24612"னு சொல்லிட்டா, தேடி வர்றவங்க சுமார் 18 கி.மீ. தள்ளிப் போய் நிப்பாங்க. சரியான தசம எண் 11.4102.
கிளம்புறதுக்கு முன்னாடியே செட்டிங்ஸில் தசம டிகிரிக்கு மாத்திடுங்க. குழுவில் ரெண்டு பேருக்காவது கருவியை இயக்கத் தெரியணும். உயரத்திலும் கடும் குளிரிலும் முதலில் தடுமாறுறது மூளைதான். கருவி வச்சிருக்கிறவரே மயங்கினா?

8/
இப்போ ரொம்ப முக்கியமானது. ஜிபிஎஸ் சிக்னலை வாங்க மட்டும்தான் செய்யும். நீங்க எங்க இருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியும், உலகத்துக்குத் தெரியாது.
"அப்போ செயற்கைக்கோள் வழியா மெசேஜ் அனுப்புற கருவி வாங்கலாமே"ன்னா, அவசரப்படாதீங்க. கார்மின் இன்ரீச் மாதிரி கருவிகளையும் சாட்டிலைட் போனையும் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாம இந்தியாவில் வச்சிருப்பது குற்றம். இதனால ஏர்போர்ட்டில் கைதான வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரங்ககிட்ட வாங்கிட்டு வரச் சொல்லாதீங்க.
பாதுகாப்புக் காரணம் புரியுது. ஆனா மலைப் பகுதிகளில் பதிவு செய்யப்பட்ட வழிகாட்டிகளுக்காவது எளிதான அனுமதி முறை வரணும். உயிர் காக்கும் கருவி அது.

9/
அதுவரைக்கும் நம்ம கையில் இருப்பது ஒரு காகிதம். எந்தப் பாதை, யார் யார், எப்போ திரும்புவோம், எத்தனை மணி வரை தகவல் இல்லைன்னா 112க்குக் கூப்பிடணும். எழுதி வீட்டில் ஒருத்தர்கிட்ட கொடுத்துட்டுப் போங்க. இதுக்குச் செலவு பத்து நிமிஷம்.

10/
கடைசியா, எந்தக் கருவியும் காடு காய்ஞ்சு கிடக்குன்னு சொல்லாது. 2018 மார்ச்சில் தேனி குரங்கணி காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோரை இழந்தோம். வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாம ஏறாதீங்க. 2024 அக்டோபரில் தொடங்கின 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் இருக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரங்களே கூட்டிட்டுப் போறாங்க.

மலைக்குக் கிளம்புற நண்பர் யாராவது இருந்தா இதை அனுப்பி வைங்க. போயிட்டு பத்திரமா வாங்க.